பாலம் இறங்கினால் ஒரு வளைவு

அன்று சாயங்காலம் வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது முன் பம்பரில் புல் செருகியிருந்தது. பச்சைப் புல். வேரில் மண் இன்னும் காயவில்லை.

ஓட்டி வந்தது ஒரு பெண். 1970களின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் கார் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, விரலில் சாக்பீஸ் தூள். டீச்சர் என்று பார்த்ததும் தெரிந்தது.

“இன்னா ஆச்சும்மா?”

“திரும்ப மாட்டேங்கறது.”

“ஸ்டீரிங் இறுக்கமா கீதா?”

“இல்ல. ஸ்டீரிங் நன்னாத் திரும்பறது. வண்டிதான் திரும்பல.”

இந்தக் கோளாறை அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. இங்கிலீஷில் இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயராம். எனக்கு அது பின்னால்தான் தெரியும். சக்கரம் திரும்பும், வண்டியின் மூக்கு கேட்காது. நேராக வழுக்கிக்கொண்டு போகும். மூக்கு அடம் பிடிக்கிறது என்போம்.

எங்கள் ஷெட் மந்தைவெளியில் இருந்தது. நானும் ஒரு டிங்கரும். தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவன். வண்டிக்கு அடியில் படுப்பது நான். படித்தது நாலாங்கிளாஸ். பேச்சு குறைவு. வண்டிக்கு அடியில் யாரோடு பேசுவது?

டீச்சர் நடந்ததைச் சொன்னார். அடையாறு பாலம் இறங்கினால் இடப்பக்கம் ஒரு வளைவு. உள்பக்கம் உயரமான மதில், அதற்குப் பின்னால் ஆலமரங்கள். வெளிப்பக்கம் மண்ணும் புல்லும். கடல் பக்கம் என்பதால் ரோட்டில் எப்போதும் கொஞ்சம் மணல் கிடக்கும். அன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, பாலத்துச் சரிவில் வந்த வேகத்தோடு திருப்பியிருக்கிறார். வண்டி நேராகப் போய் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் புல்லில் இறங்கி நின்றுவிட்டது. எதிரே வந்த கட்டைவண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை.

“வண்டிக்காரர் என்ன கேட்டார் தெரியுமோ? ‘இன்னாம்மா, காரு புல்லு மேயுதா’ன்னார்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பம்பரில் இருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

வண்டி அவருடைய அப்பாவுடையது. அவர் முந்தின வருஷம் தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் இவரும் மட்டும். அண்ணன் டில்லியில் பாங்கு வேலை. இந்தச் சேதி மத்தியானமே அவர் காதுக்குப் போய்விட்டது. ட்ரங்க் கால் போட்டு, விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். வாங்குவதற்கு தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் இருந்தது திருவான்மியூரில். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. பஸ் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. பஸ்ஸை நம்பிப் போன நாளில் மணி அடித்த பிறகு போய், தலைமை டீச்சரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் என்ன பேச்சு ஆரம்பிக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தங்கைகள் உண்டு.

“பொங்கலுக்கு அண்ணா வரான். அந்த வளைவுல நின்னுண்டு கண்ணால பாக்கணுமாம். நான் தனியா ஓட்டிண்டு வந்து சரியாத் திரும்பினா விக்கல, இல்லேன்னா வித்துடறதுன்னு சொல்லியிருக்கான். சொன்னா சொன்னபடி செய்வான்.”

“பொங்கலுக்கு நாள் கீது. அதுவரைக்கும் வண்டி இங்கயே கெடக்கட்டும், நீங்க பஸ்ஸுல போங்க” என்றேன்.

டிங்கர் கேட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் போனதும் ஆரம்பித்தான். “மச்சி, இது காரு இல்ல நைனா, தேரு. வடம் புடிச்சா நேரா போவும். திருப்பணும்னா கீழ முட்டுக்கட்டை போடணும். நீ ஒரு கட்டையத் தூக்கிகினு கூடவே ஓடு.”

அவன் சொன்னது பாதி சரி. அடியில் படுத்துப் பார்த்தேன். மயிலாப்பூர்த் தெருவில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். எஞ்சினில் தண்ணீர் ஏறக் கூடாது என்று டீச்சரின் அப்பா முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பட்டறையில் சொல்லிக் கனமாகச் செய்து போட்டிருக்கிறார். வெயில் காலத்திலும் மூக்கு தூக்கிக்கொண்டே நின்றது. முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பியும் கனம். பின்பக்கம் நேர் எதிர். அங்கே இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். வருஷக்கணக்கில் பாரம் சுமந்து தளர்ந்து போயிருந்தது.

முன்பக்கம் விறைப்பாக இருந்தால் வளைவில் மூக்கு வழுக்கும். பின்பக்கம் விறைப்பாக இருந்தால் வால் வழுக்கும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. படுத்துப் பார்த்தால் தெரியாது. ஓடும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மறுநாள் அதைச் சொல்ல, வண்டியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சரின் அம்மா வாசலுக்கு வந்தார். மாமி நல்ல ஆகிருதி. குரலும் அப்படித்தான்.

“வண்டி ஓடறச்சே நீங்க கூட உக்காரணுமா?”

“ஆமா மாமி.”

“அப்போ நானும் வரேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கலியாணம் ஆகாத பெண். நான் எண்ணெய்க் கையோடு நிற்கிற ஆள். மாமியைத் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை.

நான் முன்கதவைத் திறக்கப் போனேன். மாமி தொண்டையைக் கனைத்தார். புரிந்தது. பின்கதவுக்கு வந்தேன். மாமியாவது முன்னால் உட்காருவார் என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

“முன்னாடி உக்காந்தா ரோடு மேல வந்து விழறாப்பல இருக்கு. எனக்குப் பின்சீட்டுதான்.”

ஆக, டீச்சர் ஸ்டீரிங்கில். பக்கத்து சீட் காலி. பின்சீட்டில் ஒரு கோடியில் மாமி, மறு கோடியில் நான். நடுவில் காய்கறி வாங்குகிற ஒயர் கூடை. அந்தக் கூடையை மாமி கரெக்டாக நடுவில் வைத்தார்.

பாலம் இறங்கினோம். வளைவு வந்தது. வண்டி முனகிக்கொண்டு வளைந்தது. நன்றாக வளைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வளைந்தது.

“பாத்தேளா?” என்றார் மாமி. “நான் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது. தனியாப் போனாத்தான் இவளுக்குக் கால் நீள்றது.”

“அம்மா, இப்பவும் அதே வேகம்தான்.”

“என்கிட்ட சொல்லாதே. எனக்குத் தெரியும்.”

நானும் மாமி சொன்னதைத்தான் நம்பினேன். அம்மா பின்னால் இருந்தால் யாருமே அடக்கமாகத்தான் ஓட்டுவார்கள்.

வேலையை ஆரம்பித்தேன். புதுப்பேட்டையில் தேடி அந்த மாடல் வண்டியின் பழைய முன் ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி வந்து போட்டேன். மூக்கு இறங்கியது. தகடு மாற்றி முன் சக்கரங்களின் தலையைச் சற்று உள்பக்கம் சாய்த்தேன். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது டயர் அப்போதுதான் முழுசாகத் தரையில் படியும். பின்பக்கம் ஒரு பட்டை கூடச் சேர்த்து விறைப்பு ஏற்றினேன்.

சோதித்துப் பார்க்க இடம் வேண்டும். பெசன்ட் நகரில் அப்போது மனை அளந்து கல் நட்டிருந்தார்கள். ரோடு போட்டாயிற்று, வீடு அதிகம் வரவில்லை. காற்றும் மணலும் மாடும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம். நான்கு ரோடு சேர்கிற அகலமான இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும், அதன்மேல் வண்டி சுற்றி வர வேண்டும் என்றேன். சுண்ணாம்புப் பொடி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

“வட்டம்தானே? கயித்த ஒருத்தர் நடுவுல பிடிச்சுக்கோங்கோ” என்றார் மாமி. ஒயர் கூடையிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்தார். புடவையைச் செருகிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி குனிந்த வாக்கில் சுற்றி வந்தார். நெளியாமல், உடையாமல் ஒரே கோடு. அந்த வழியாக சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, இங்கே ஏதாவது கோயில் வரப்போகிறதா என்று கேட்டார்.

டீச்சர் கோட்டைப் பிடித்துச் சுற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றினார். மூக்கு அடம் பிடித்தால் வண்டி கோட்டுக்கு வெளியே போகும். வால் வீசினால் உள்ளே சுருளும். நானும் மாமியும் வழக்கம்போலப் பின்சீட்டில்.

முதல் சுற்று கோட்டின் மேலேயே போனது. வேகம் ஏற்றியதும் வால் வெளியே பாய்ந்தது. கூடை என் மடிக்கு வந்தது. மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கும்படி கத்தினார்.

“என் கோலத்தை அழிச்சுட்டாளே!”

பயந்து கத்தியதாக அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

பின்பக்கம் விறைப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டேன். அடுத்த ஞாயிறு வண்டி கோட்டை விட்டு இம்மியும் நகரவில்லை. டயரின் ஓரத்தில் டீச்சரின் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டிருந்தேன். டயர் எவ்வளவு தூரம் மடங்கித் தேய்கிறது என்று அது காட்டும். சுற்றி முடித்துப் பார்த்தால், கோடு அழிய வேண்டிய அளவுக்குத்தான் அழிந்திருந்தது. டீச்சர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆச்சு, இல்லையா?”

“ஆச்சு.”

பொங்கல் வந்தது. அண்ணனும் வந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வளைவில் நின்றோம். அவர், மாமி, நான். மதில் நிழலில் ஒரு மோர்க்காரர் பானையோடு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். தினமும் வருவது போல வர வேண்டும் என்று பேச்சு.

வண்டி பாலத்தில் தலை காட்டியது. இறங்கியது. டீச்சர் திருப்புவது தெரிந்தது. முன் சக்கரம் திரும்பியதும் தெரிந்தது.

மூக்கு கேட்கவில்லை.

முன்பு போல புல்லுக்குப் போகவில்லை. ஆனால் ரோட்டின் நடுவைத் தாண்டிவிட்டது. டீச்சர் ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை அடக்கி, இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரே யாரும் வரவில்லை. வந்திருந்தால்?

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாத்தாச்சு. போதும்.”

“அண்ணா, ரவுண்டு அடிக்கறச்சே நன்னா வளைஞ்சதுண்ணா. சத்தியமா.”

“நீ பொய் சொல்றேன்னு சொல்லல. எனக்கு பயமா இருக்கு. அப்பா போன வருஷம்தான் போனார். இன்னொரு ட்ரங்க் கால் எனக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில அந்த தி.நகர்க்காரரை வரச் சொல்லிடறேன்.”

 டீச்சர் வண்டிச் சாவியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அதே ஸ்பிரிங். அதே டயர். அதே ஆள்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று சொல்ல முடியாது.

“நான்தான் அன்னிலேர்ந்து சொல்லிண்டிருக்கேனே. நான் பின்னாடி உக்காந்தா வளையும். நான் இறங்கினா வளையாது. யாராவது காதுல போட்டுண்டாதானே?”

டீச்சர் நிமிர்ந்தார். அம்மாவை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதே நேரத்தில் ஒயர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெக்கானிக்” என்றார் டீச்சர் மெதுவாக. “நாம என்னிக்காவது நீங்களும் அம்மாவும் இல்லாம ஓட்டிப் பாத்தோமா?”

“இல்லம்மா.”

மாமி சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. காரணம்தான் வேறு. பின்னால் இரண்டு ஆள் பாரம். அதில் ஒன்று மாமி பாரம். பின்னால் பாரம் ஏறினால் வால் வெளியே போகப் பார்க்கும், மூக்கு லேசாக உள்ளே திரும்பும். ஆளை இறக்கினால் பாரம் எல்லாம் மூக்கில். வண்டி நேராகப் போகும். பட்டை சேர்த்தபோது வால் வீசியது பட்டையால் மட்டும் அல்ல, எங்கள் இரண்டு பேராலும்தான். தனியாக ஓட்டுகிறவருக்கு அந்தப் பட்டை வேண்டும். நான் அதைப் போய்க் கழற்றியிருக்கிறேன்.

முன்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு ஏமாந்திருக்க மாட்டேன். தனியாக ஓட்டச் சொல்லி வெளியே நின்று பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எந்த ஆள் எங்கே உட்காருவது என்பது எங்களுக்கு வண்டிக்கு முன்னாலேயே முடிவான விஷயம்.

அண்ணனிடம் சொன்னேன். நான் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ அம்மா தினம் ஸ்கூலுக்குக் கூடப் போகணுமா?”

“நான் ரெடி” என்றார் மாமி.

“அப்புறம் கிளாஸ்லயும் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துப்பே” என்றார் டீச்சர். “வேண்டாம்மா.”

டிக்கியில் ஒரு மணல் மூட்டை போட்டால் போதாதா என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்விதான். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. வண்டி வளையும். ஆனால் எப்போதும் மூட்டையைச் சுமக்க வேண்டும். யாராவது ஒரு நாள் இறக்கி வைப்பார்கள். திருப்பி ஏற்ற மறந்துவிடுவார்கள்.

“நாளைக் காலையில அவர் வந்து பாக்கட்டும். இன்னிக்குப் பகல் மட்டும் குடுங்க” என்றேன்.

அண்ணன் மணியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். “சரி” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஷெட்டுக்கு அவரும் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜாக்கியை எங்கே வைப்பது என்று கேட்டார்.

டிங்கருக்குத் தாங்கவில்லை. “இன்னா மச்சி, டில்லிலர்ந்து பாங்கு ஆபீஸர இட்டாந்து ஜாக்கி புடிக்க உட்டுக்கினியா?”

“புடிக்கத் தெரியறதே, அதுவே பெருசு” என்றார் அண்ணன். டிங்கர் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு கோணியை விரித்துப் போட்டான்.

கழற்றிய பட்டையைத் திரும்பச் சேர்த்தேன். முழுப் பட்டையாக அல்ல. நீளத்தைக் குறைத்து வைத்தேன். முன்பக்கக் குறுக்குக் கம்பியை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று போட்டேன். அதை இறக்க ஒரு போல்ட் வரவே இல்லை. அண்ணனும் நானும் ஸ்பானரில் குழாயைச் செருகி இரண்டு பேருமாகத் தொங்கினோம். போல்ட் வந்ததும் அவர் மல்லாந்து விழுந்தார். கண்ணாடி உடையவில்லை. முன் டயரில் காற்றைச் சற்று ஏற்றினேன். வெயில் தாழ்வதற்குள் பெசன்ட் நகர் போய், அழிந்திருந்த கோலத்தை மாமி புதுப்பித்தார். டீச்சர் தனியாகச் சுற்றினார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்று பார்த்தோம்.

வண்டி கோட்டின் மேலேயே போனது. வேகம் ஏற்றினார். அப்போதும் போனது.

“இப்ப மாமி பின்னாடி ஏறுங்க” என்றேன்.

ஏறினார். சுற்றியதும் வால் வீசியது. நான் எதிர்பார்த்ததுதான். டீச்சர் நிறுத்தினார். நான் போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

“மாமி, நீங்க இனிமே முன்சீட்டு. அங்க உக்காந்தா ரெண்டு பக்கமும் சரியா கீது.”

“அதெல்லாம் முடியாது. எங்காத்துக்காரர் ஓட்டறச்சேகூட நான் பின்னாடிதான்.”

“அம்மா” என்றார் அண்ணன்.

“ரோடு மேல வந்து விழும்டா.”

“கண்ணை மூடிக்கோ.”

 மாமி கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்சீட்டில் ஏறி, கூடையை மடியில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் சுற்றினார். வால் வீசவில்லை. மூக்கும் அடம் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை வரும்போது மாமி ஒரு கண்ணைத் திறந்திருந்தார். அடுத்த தடவை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களுக்குக் கோட்டைக் காட்டினார். அழியவில்லை பார் என்று அர்த்தம்.

மறுநாள் காலை வளைவில் ஒரு ஆள் கூடுதல். தி.நகர் ஜவுளிக்கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மோர் வாங்கிக் குடித்தபடி நின்றார்.

வண்டி பாலம் இறங்கியது. டீச்சர் மட்டும் உள்ளே. நான் டீச்சரைப் பார்க்கவில்லை. வலப்பக்க முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். அது திரும்பியது. வண்டியும் கூடவே திரும்பியது. இடப்பக்க ஓரத்தை விடாமல், மதில் நிழலுக்குள்ளேயே வளைந்து எங்களைத் தாண்டிப் போனது. மணல் லேசாகக் கரகரத்தது. அவ்வளவுதான் சத்தம்.

அண்ணன் இன்னொரு முறை என்று கை காட்டினார். டீச்சர் திரும்பிப் போய் மறுபடி வந்தார். அதே மாதிரி. மூன்றாவது முறை மாமியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதே மாதிரி.

அண்ணாச்சி மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏ யப்பா, என்ன வளைவு வளையுது! தம்பி, வண்டி புல்லுக்குள்ள போயிரும்னுல்லா கேள்விப்பட்டேன். இப்படி வண்டின்னா நான் சொன்னதுக்கு மேலயே போட்டுத் தாரேன். இன்னிக்கே எடுத்துக்கிடுதேன்.”

 நன்றாகச் செய்ததே வினையாகிவிடுமோ என்று இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்த டீச்சரும் அதைக் கேட்டுவிட்டார். 

அண்ணன் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

“மன்னிச்சுக்கோங்கோ அண்ணாச்சி. வண்டி விக்கறதுக்கு இல்ல. என் தங்கை வேலைக்குப் போகணும்.”

“வேலைக்கா? பொம்பளப்பிள்ளைக்கு பஸ்ஸு இல்லியா?”

“பஸ்ஸு வளையறதா இல்லையான்னு நான் பாக்கல” என்றார் அண்ணன்.

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கடைக்கு ஒரு சரக்கு வண்டி இருக்கிறது, வளைவில் கூட்டத்துக்குள் போகப் பார்க்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். தி.நகரிலிருந்து எங்களுக்கு வேலை வர ஆரம்பித்தது அப்படித்தான்.

 டீச்சர் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து முன் டயர் ஓரத்தில் புதுசாகக் கோடு போட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து காட்டுகிறேன் என்றார்.

அதுவரை பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன். மோர்க்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு நின்றேன். வண்டி பாலத்தில் தெரிந்தது. டீச்சர் தனியாகத்தான் வந்தார். எதிரே வைக்கோல் ஏற்றிய கட்டைவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது.

டீச்சரின் வண்டி தன் பக்கத்தில் தன் வழியே வளைந்தது. கட்டைவண்டி தன் பக்கத்தில் தன் வழியே போனது. மாடு தலையைக்கூடத் தூக்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கண் ரோட்டில் இருந்தது. வண்டி ஆலமரத்துக்கு அப்பால் மறைந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் மோரைக் குடித்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன்.